கதவோரப் பெஞ்சு

அந்தாக்யாவில் எங்கள் பள்ளிக்கூடம்
பதினாறு கண்டெய்னர்கள்.
மாடி கிடையாது.
அதனால்தான் பிள்ளைகள் வருகிறார்கள்.

இஸ்மீரிலிருந்து மாற்றலாகி வந்த
கணக்கு வாத்தியார் நான்.
முதல் நாளே சொன்னேன்:
பையைக் கழற்றி மாட்டு.
யெக்தா கழற்றவில்லை.
இரண்டு தோளிலும் வார், ஷூ நாடாவில் இரட்டை முடிச்சு,
கதவோரப் பெஞ்சில்
பாதி உட்கார்ந்து, பாதி கிளம்பி.
திமிர் என்று நினைத்தேன்.
நினைத்ததோடு நிற்கவில்லை, கத்தினேன்.

மத்தியானம் நுர்ஜிஹான் வந்தாள்.
மனநல ஆலோசகர். நாலு பள்ளிக்கு ஒருத்தி.
கார் டிக்கிதான் அலுவலகம்.
"அந்தப் பையில் என்ன இருக்கிறது தெரியுமா?"
தெரியாது.
"எனக்கும் தெரியாது. கனமாக இருக்கிறதா
என்று மட்டும் கேட்டேன்."
போகும்போது என் ஷூவைப் பார்த்தாள்.
"ராத்திரி கழற்றுகிறீர்களா?"
பஸ் வந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்தேன்.

அவள் சொல்லித்தான் மணியை நிறுத்தினோம்.
தாஹ்சின் ஒவ்வொரு வாசலாக நடந்துபோய்
"நேரமாச்சு" என்கிறார்.
குளிரிலும் கதவு திறந்தே இருக்க
நான் ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்தேன்.
செங்கல் வேண்டாம் என்று
மரக்கட்டை கொண்டுவந்தாள்.
ஊர் ஊராய் வருகிறவர்கள்
வீடு வரையச் சொல்கிறார்களாம்;
பிள்ளைகளுக்கு வீடு வரைந்து அலுத்துவிட்டது.

வருகைப் பதிவேட்டில் முப்பத்தொரு பெயர்.
வாசித்தால் நடுநடுவே யாரும் பேசாத இடங்கள்.
புதிதாக எழுதிக் கொடுத்தாள், பத்தொன்பது,
வரிசை எண்ணில் ஓட்டை இல்லாமல்.
பழையதை எறியவில்லை.
அது டிக்கியில், கம்பளித் துணிக்குள்.

என் மேசைமேல் ஒரு கண்ணாடிக் குவளை.
தாகத்துக்கு வைத்தது.
பின்னம் நடத்தினால் வகுப்பே
அந்தத் தண்ணீரைப் பார்க்கிறது.
எடுத்துவிடவா என்றேன்.
"என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்?" என்றாள் நுர்ஜிஹான்.
அவர்களைக் கேட்டேன்.
இருக்கட்டும் என்றார்கள்.
பெர்ஃபின் தினமும் நிரப்புகிறாள்,
விளிம்புக்கு ஒரு விரல் கீழே.

நேற்று
மூன்றில் இரண்டு என்று எழுதுகையில்
தரை லேசாய் உதறியது.
தண்ணீரில் வளையம்.

மார்க்கர் என் கையில் இல்லை.
நான் எப்போது கதவுக்கு வந்தேன்?

"லாரி சார்," என்றான் யெக்தா,
எழுந்திருக்காமல், பை மடியில்.
"இடிபாடு ஏற்றிப் போகிறது.
தினமும் இந்நேரம் வரும்."

பிறகு கொஞ்சம் நகர்ந்து
எனக்கு இடம் விட்டான்.