அரை மாத்திரை

ரூபே நகரம், மருத்துவமனையின் மூன்றாம் மாடி.
வியாழன்தோறும் பத்து மணிக்கு
மேசையைத் தட்டுவது என் வேலை.
ஓர் அசைக்கு ஒரு தட்டு.

எதிரே ஃபுல்க்ரான் பூஸ்கே,
பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்த்தவர்.
மார்ச்சில் மூளைக்குப் போகும் குழாயொன்று அடைத்துக்கொண்டது.
இடக்கை மேசைமேல்.
வலக்கை மடியில்,
யாரோ விட்டுப்போன கையுறை மாதிரி.

தொப்பிப் படம் காட்டினேன்.
ஷா. போ.
இரண்டு தட்டு, சரி.
(ஓ என்ற ஒரே ஒலிக்கு மூன்று எழுத்துச் செலவு.
எங்கள் மொழி கொஞ்சம் ஊதாரி.)

கால்சட்டை. பான், த, லோன்.
மூக்கில் முடிய வேண்டியது
நாக்கில் முடிந்தது. குறித்துக்கொண்டேன்.

ஜன்னல்.
ஃபெ, நெத்ர். இரண்டே தட்டு.
கடைசி உயிர் தாளில் இருக்கும்,
வாய்க்கு வராது.
அவருக்கு வந்தது.
ஃபெ. நெ. த்ரெ.
சனிக்கிழமையும் அப்படித்தான்:
சம்தி என்று நான் இரண்டு தட்ட
ச, மெ, தி என்று மூன்றாவதைத்
தன் முட்டியால் தட்டினார்.

நான்கு வாரம் சிவப்பு மையில் எழுதினேன்:
அசை மிகுகிறது. பாதிப்பின் அறிகுறி.

ஐந்தாம் வாரம் மனைவி வந்தார்.
சொட்டும் குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கையிலேயே பிடித்தபடி
என் கோப்பைத் தலைகீழாகப் படித்துவிட்டுச்
சிரித்தார். நிறுத்த முடியவில்லை.

"இவர் பெஸியேக்காரர், அம்மா.
தெற்கே நாங்கள் தட்டில் மிச்சம் வைப்பதில்லை,
எழுதியது அத்தனையும் சாப்பிடுவோம்.
இங்கே வந்த புதிதில் பணிமனையில் கேலி செய்தார்கள்.
முப்பத்தொரு வருடம் விழுங்கினார்.
வீட்டில்கூட.
நீங்கள் சிவப்பில் எழுதியிருப்பதை
நான் கல்யாணத்துக்குப் பிறகு கேட்டதில்லை."

கோப்பை மூடினேன்.
அடைப்பு எதையெல்லாம் கொண்டுபோனது,
எதைத் திருப்பிக் கொடுத்தது,
அதற்கு என் படிவத்தில் கட்டம் கிடையாது.
மருந்துச் சீட்டில்
காலை ஒன்று, இரவு அரை என்றிருக்கிறது.
இந்த இன்னோர் அரை மாத்திரையை
யாரும் எழுதித் தரவில்லை.

படங்கள் தீர்ந்துவிட்டன.
"இது யார்?" என்றேன், அந்தம்மாவைக் காட்டி.

எர்.
மீ.

என் கை இரண்டில் நின்றது,
எர்மீன் என்றுதானே வடக்கில் கூப்பிடுவோம்.
அவர் நிற்கவில்லை.
உதடு கோணி, எச்சில் வழிந்து,
நேரம் எடுத்துக்கொண்டு

ன.

குடை தரையில் விழுந்தது.
யாரும் எடுக்கவில்லை.