மூன்று

ஸ்கார்வோய் துறையில் ஒரு மீன் தராசு இருக்கிறது.
எந்தக் காட் மீனை வைத்தாலும்
இருநூறு கிராம் கூட்டித்தான் சொல்லும்.
காலையிலும் அதே, பனிப்புயலிலும் அதே.
தவறில் அப்படியொரு ஒழுக்கம்.
தீவுக்கே தெரியும்;
கழித்துக்கொண்டு காசு கொடுப்பார்கள்.

நான் கொண்டுபோன தராசு காகிதம்.
இருபது கேள்விகள்,
பூஜ்யத்திலிருந்து பத்து வரை கட்டங்கள்,
தனிமையை நிறுக்க.

ஓட்மண்டுக்கு எழுபத்தொன்று.
படகை விற்றுவிட்டார், ரப்பர் பூட்ஸை விற்கவில்லை.
"எவ்வளவு தனிமையாக உணர்கிறீர்கள்?"
"மூன்று."
இரண்டு வாரம் கழித்து மறுபடி.
"மூன்று."
என் காதை நம்பாமல் டெர்யேவை அனுப்பினார்கள்.
அவனுக்கும் காப்பி, அவனுக்கும் மூன்று.

டிராம்சோவிலிருந்து பேராசிரியர் மகிழ்ந்து எழுதினார்:
நம்பகத்தன்மை, பூஜ்யம் புள்ளி தொண்ணூற்றொன்று.
ஏற்புடைமையை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை போனபோது காற்று படகை நிறுத்தியது.
படிவம் முடிந்தும் நான் கிளம்பவில்லை.
உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது.
ஆளில்லாத அறையில் வானொலி பேசிக்கொண்டிருந்தது.
ஏழாம் கேள்வியில் விரல் வைத்தார்:
வெளியே செல்ல உங்களுக்குத் துணை உண்டா?
"டிசம்பர் முழுக்க இங்கே
சூரியனே வெளியே வருவதில்லை, இங்குன்.
இதை எழுதியவருக்கு எந்த ஊர்?"
பெர்கன் என்றேன்.
நானூறு மாணவர்களிடம் சோதித்தது என்றேன்.
சிரித்தார். பல் விழுந்த பக்கம் தெரிந்தது.

"சரி, ஏன் எப்போதும் மூன்று?"

கத்தியைத் துடைத்தார்.
"பூஜ்யம் என்றால் பொய் என்பாய்.
ஐந்து என்றால் என் மகளுக்குப் போன் போடுவாய்.
மூன்று, விருந்தாளிக்குச் சொல்கிற எண்."

ஆக, அந்த இலையுதிர்காலம் முழுக்க
நாங்கள் அளந்தது அவருடைய மரியாதையை.
துல்லியமாகத்தான் அளந்தோம், அதில் குறையில்லை.
ஒரே கதவைத் திரும்பத் திரும்பத் தட்டிவிட்டு
வீட்டைப் பார்த்ததாக எழுதிவிட்டோம்.

மீன் தராசில் இருநூறைக் கழிக்க முடிகிறது,
எங்கோ ஒரு சரியான எடைக்கல் இருப்பதால்.
இதற்கு எடைக்கல் எது?
அந்த வானொலியா?
மேசைமேல் கவிழ்த்தே வைத்திருந்த
இரண்டாவது கோப்பையா?

விடிந்ததும் காற்று விட்டது.
படகில் உட்கார்ந்து படிவத்தைத் திறந்தேன்.
மூன்றில் வட்டம் போட்டேன், அவர் சொன்னது அதுதானே.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
நள்ளிரவு வரை பேசினார்.
வழியனுப்ப, பூட்ஸ் மாட்டிக்கொண்டு
துறை வரை வந்தார்.

கணினியில் ஏற்றுகிற பெண் கேட்பாள்,
இது எந்தக் கட்டத்தில் என்று.