பக்கத்து சீட்

கினிகத்தேனை ஏற்றத்தில்
பஸ் டிவியில் பேய்ப்படம் ஓடுகிறது.
செத்தது தெரியாத ஒருவன்
பெண்சாதியிடம் தேத்தண்ணி கேட்கிறான்.
அவள் திரும்பவில்லை.
கோபம் போலிருக்கிறது என்று நினைத்து
இன்னொரு தரம் கேட்கிறான்,
இந்தமுறை கொஞ்சம் மரியாதையாக.

"லூசு, நீ செத்துட்டடா" என்கிறது பின்சீட்.
பேயைத் தவிர
பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது.

எனக்குப் பக்கத்தில் புவனராஜின் பை.
கொழும்புக் கடையில் இன்றைக்குத்தான்
கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள்.
இரண்டு சேர்ட், ஒரு சார்ஜர்,
பாதி தீர்ந்த தைல டப்பி.
"தங்கச்சி, இந்த சீட்டுக்கு ஆள் இருக்கா?"
"அண்ணன் டீ குடிக்க இறங்கியிருக்கு."
அவிசாவளையில் சொன்னேன்.
கித்துல்கலையிலும் அதையே சொன்னேன்,
பஸ் நகர்ந்துகொண்டிருக்கும்போது.
கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்தார்.
மீதிக் காசைத் தரும்போது
என் கையை மட்டும் பார்த்தார்.

படத்துப் பேய்களுக்குச் சட்டம் இருக்கிறது.
கண்ணாடியில் விழாது.
நாய்க்குத் தெரியும்.
யாராவது உண்மையைச் சொல்லிவிட்டால்
அழுது, வெளிச்சமாகி,
வயலினோடு போய்விடும்.

நாற்பத்தோராம் நாளும்
அவன் நம்பருக்கு நூறு ரூபாய் ரீலோட் போட்டவளுக்கு
அப்படி எதுவும் எழுதி வைக்கவில்லை.
ஜன்னலில் ஊதிப் பார்த்தேன்.
ஆவி படிகிறது.
நான் இருக்கிறேன், அதில் சந்தேகமில்லை.

மவுசாக்கலையில் தண்ணீர் வற்றிக் கிடக்கிறது.
பழைய மஸ்கெலியாவின் கோயில்
இடுப்புவரை சேற்றோடு வெளியே நிற்கிறது,
ஊர் முழுகிய சேதி
தனக்கு வந்து சேராத மாதிரி,
இன்றைக்குப் பூசைக்கு ஏன் இவ்வளவு தாமதம்
என்று கேட்கிற மாதிரி.
ஒரு நாய் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு
குரைக்காமல் வெளியே வருகிறது.

எங்கள் டிவிசன் சந்தியில் இறங்கும்போது
படம் முடியவில்லை.
அவன் இன்னும் தன் வீட்டுக் கதவைத்
தட்டிக்கொண்டிருந்தான்.

தூறல்.
கொழுந்துச் சாக்கைத் தலையில் போட்டபடி
அம்மா நிற்கிறாள்,
கையில் இரண்டு குடை.
அவன் பெட்டியை அடக்கம் செய்த இடத்தில்
மயங்கி விழுந்தவள் அவள்தான்.
"ஒன்னு போதுமே" என்று நான் சொல்லவில்லை.
"பஸ்ஸில சனமா?" என்றாள்.
"சீட் கிடைச்சிச்சு" என்றேன்.

ஒன்றில் நாங்கள் இரண்டு பேரும்.
மற்றதை விரித்துப்
பை நனையாமல் பிடித்துக்கொண்டு
லயத்துக்கு ஏறினோம்.