இடப்பக்கப் பை

டாங்க் மேல் குந்தும் ஒற்றைப் பை வேண்டாம்.
எழுந்து நின்று ஓட்டினால் நெஞ்சில் முட்டும்.
பெட்ரோல் போடவும் அதைக் கழற்றியாக வேண்டும்.
இருபுறமும் தொங்கும் ஜோடியை
நாரின் சந்தையில் பேரம் பேசி வாங்கினாள்
மலை மந்தைகளுக்கு ஊசி போடும் குல்சைரா.

பட்டையை இறுக்கி
ஹேண்டிலை இடக்கோடிக்குத் திருப்ப,
ஹாரன் தானாக அலறியது.
எதிர்வீட்டு நாய் பதில் சொன்னது.
இரண்டு விரற்கடை தளர்த்தினாள்.

வலப்பக்கம் சைலன்சர் குழாய் கொதிக்கும்:
அங்கே ஸ்பானர், ட்யூப், பம்பு.
இடப்பக்கம்
ஐஸில் பொதிந்த மருந்துக் குப்பிகள்.
எடை ஒக்கவில்லை.
"நாலு கல் போடு" என்றான் மெக்கானிக் எசென்.
"போடுவார்கள்" என்றாள்.

கணவாய்வரை வண்டி வலப்பக்கம் இழுத்தது.
பிறகு கூடாரத்துக்குக் கூடாரம்
குப்பி குறையக் குறைய
காசுக்குப் பதில் உப்புத் தயிர் உருண்டைகள்,
கல்லைவிடக் கெட்டி.

இருட்டியதும் இறங்குகிறாள்,
இடப்பக்கம் சாயும் வண்டியை
இடது முழங்காலால் அதட்டிக்கொண்டு.