இரண்டாம் முறை

பூசான் மருத்துவமனைக் கேன்டீனில்
இரவு ஷிஃப்ட் தாதி கா-ஓன்
மறுபடி எழுதிப் பார்க்கிறாள் அந்தத் தேர்வை.

போன வாரம் வந்த நான்கு எழுத்தில்
ஒன்று இன்று மாறியிருக்கிறது.
அன்றைக்குப் பசி.
இன்றைக்கு நூடுல்ஸ் உள்ளே போயாயிற்று.

கூட்டம் உங்களைக் களைப்பாக்குமா?
எந்தக் கூட்டம்?
தங்கை கல்யாணமா, ஏழாம் வார்டா?

திட்டமிடுபவர் என்கிறது. பொய்யில்லை,
சாக்ஸைக்கூட நிறம் பார்த்து அடுக்குகிறவள்தான்.
ஆனால் பதினோராம் படுக்கைக்காரர் இறந்த விடியலில்
அவர் மிச்சம் வைத்த பார்லித் தேநீரை
ஏன் எடுத்து மடமடவென்று குடித்தாள்,
அவளுக்கே தெரியாது.

"என்ன வந்தது?"
தட்டோடு வந்து உட்காருகிறான்
எக்ஸ்ரே அறை பியோங்-உக்.

போன வார எழுத்துகளைச் சொல்கிறாள்.
அவனுடையதோடு
அவைதான் பொருந்துமாம்.