உலோகப் பொருள், ஒன்று

மூடுபனிதான் காரணம் என்று எழுதி முடித்துவிட்டார்கள்.
அந்த மாலை நான் மேட்டில்தான் இருந்தேன்,
நொண்டி ஆடு ஒன்றைத் தேடி.
பனி இருந்தது.
ஸ்காட்லாந்தின் இந்தக் கரையில்
பனி இல்லாத ஜூன் மாலை எது?
ஆனால் மலையில் மோதுமுன்
சத்தம் மாறியது.
இருமல்போல் விட்டு, இழுத்து,
மறுபடி விட்டு.
அப்புறம் என் நாய்கூடக் குரைக்கவில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள்
மூன்று கேள்வி கேட்டார்கள்.
பெயர்? டார்குவில் மெக்காஸ்கில்.
தொழில்? ஆடு.
அன்று குடித்திருந்தீர்களா?

சத்தத்தைப் பற்றி நானாகத்தான் சொன்னேன்.
"நீங்கள் பொறியாளர் இல்லையே" என்று
பேனாவை மூடினார் ஒருவர்.
இல்லைதான்.
நாற்பது வருஷமாக
ஒரே டிராக்டரோடு குடித்தனம் நடத்துகிறவன்.

பதினேழு பேர்.
ஹெலிகாப்டர் ஓட்டிய இருவர்மேல் பழி;
எதிர்த்துப் பேச வாயில்லாதவர்கள் அவர்கள் மட்டும்தானே.
கோப்புகளுக்கு எண்பது வருஷப் பூட்டு.
திறக்கும்போது அழ
யாரும் மிஞ்சியிருக்கக் கூடாது என்று
கணக்குப் போட்டவன் கெட்டிக்காரன்.

பனி இளகும் ஒவ்வொரு மார்ச்சிலும்
இந்தக் கரிச்சேறு எதையாவது துப்புகிறது.
திருகாணி. மூக்குக்கண்ணாடியின் ஒரு காது.
பிளாஸ்க் மூடி.
எல்லாவற்றையும் காவல் நிலையத்தில் கொடுத்து
ரசீது வாங்கினேன்.
முப்பத்தொரு ரசீது, பிஸ்கட் டப்பாவில்.

ரோனா அபர்னெதி வருஷா வருஷம் வருவாள்,
விமானியின் மனைவி.
போன ஜூனில் டப்பாவைத் திறந்து
ஒவ்வொன்றாகப் படித்தாள்.
"'உலோகப் பொருள், ஒன்று.' இது என்ன?"
சாவி என்றேன்.
"பச்சை நாடா கட்டியிருந்ததா?"
ஆமாம்.
கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள்.
"இரண்டாம் வருஷமே பூட்டை மாற்றிவிட்டோம்,"
என்று சொல்லி, தேநீரில்
சர்க்கரை போட்டாளா இல்லையா என்று மறந்து
மறுபடி போட்டாள்.

அவள் பணம் கேட்கவில்லை.
பறக்கத் தகுதியில்லை என்று
முதல்நாள் சோதனைக்காரர்கள் இறங்கி நடந்த எந்திரத்தை
மறுநாள் பறக்கவிட்டுக் கையெழுத்திட்ட ஆள்
கதவு திறந்த ஓர் அறையில்,
ஊரார் உட்கார்ந்திருக்க,
சத்தியம் செய்து பதில் சொல்ல வேண்டும்.
அவ்வளவுதான்.

லண்டனிலிருந்து கடிதம்:
புதிய ஆதாரம் ஏதுமில்லை.
பகிரங்க விசாரணை
பொதுநலனுக்கு உகந்ததல்ல.
யாருடைய பொது என்று அதில் இல்லை.

இந்த மார்ச்சில்
நரிக்குழிக்குப் பக்கத்தில் ஒன்று கிடைத்தது.
உள்ளங்கை அகலம், ஓரம் கருகியது,
எண் இன்னும் படிக்கலாம்.
அதற்கு நான் ரசீது வாங்கவில்லை.
தீவனச் சாக்கில் சுற்றிக்
கொட்டகையில் வைத்திருக்கிறேன்.
எந்த மூலை என்று
ரோனாவுக்குத் தெரியும்.

வேண்டுமென்பவர்கள்
எல்லோர் முன்னாலும் வந்து
கேட்கட்டும்.