சந்தியில் இறக்கிவிடுங்கோ

பள்ளிக்கூட வாசல் வேண்டாம்,
பம்பலப்பிட்டிச் சந்தியிலேயே இறக்கிவிடுங்கோ
என்கிறான் நிரோஜிதன்.
என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை,
கதவின் கைபிடிக்குச் சொன்னான்.

கண்ணாடிக்குள்ளால் சவிரி அண்ணை என்னைப் பார்த்தார்.
மாதக் காசு வாசல் வரைக்கும்.

பதினோராம் தரம். என்னைவிட ஒரு சாண் உயரம்.
வேனுக்குள் கூனிக்கொண்டு ஏறுகிறான்,
உடம்பை யாரிடமோ இரவல் வாங்கியவன் மாதிரி.

முதலாம் தரத்தில் இவனுக்கு
வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலம் வந்தால் சத்தி வரும்.
காலி வீதி நெரிசல், டீசல் மணம்,
அம்மா அவசரத்தில் திணித்த பாணும் முட்டையும்
பிசகாமல் அந்தப் பாலத்தில்தான் வெளியே வரும்.
சொப்பிங் பையும் பாதித் தேசிக்காயுமாய்
நான் வேலைக்கு வந்த காலம் அது.
மடியில் கிடந்து தேசிக்காயை முகர்வான்.
ஒவ்வொரு ஒழுங்கை முடிவிலும் ஒரு துண்டுக் கடல் தெரியும்.
"வேன் அன்ட்டி, இது அதே கடலா, வேற கடலா?"

ரகசியம் என்றால்
உரத்துச் சொல்லவேண்டியது என்று நினைத்த வயசு.
யார் வீட்டில் இரவு சண்டை,
யாருடைய அப்பா கட்டாருக்குப் போகிறார்,
எல்லாம் தெகிவளை தாண்டமுன் எனக்குத் தெரிந்துவிடும்.

பிறகு சட்டம் பேசத் தொடங்கினார்கள்.
கொப்பித் தாள் கிழித்து, அடிமட்டம் வைத்துக் கோடு கீறி
யன்னல் சீற்றுக்கு நேரசூசி.
திங்கள் உனக்கு, செவ்வாய் எனக்கு,
அழுதால் ஒருநாள் வெட்டு.
நீதிபதி இமாஸா, வயசு ஒன்பது.
'வாயை மூடுங்கோ' என்றதற்கு
எனக்கும் தண்டம் விழுந்தது: ஆளுக்கொரு ரொபி.
கட்டினேன்.

புலமைப்பரிசில் வருசம் ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை.
அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எந்த நாள் என்று தெரியாது,
இமாஸா முன் சீற்றுக்கு மாறிவிட்டாள்,
மடியில் புத்தகப் பையை நிமிர்த்தி வைத்தபடி.
ஏன் என்று பெடியள் கேட்கவில்லை.
நேரசூசி இன்னும் சீற்று உறைக்குள் கிடக்கிறது.

பத்துக் கேள்விக்கு ஒரு 'ம்'.
காதில் வயர். நெற்றியில் பரு.
கதவை அடித்துச் சாத்தினால் வேன் முழுக்க அதிரும்.
ஒருநாள்,
"றோட்டில வைச்சு என்ர பேர் சொல்லிக் கூப்பிடாதேங்கோ!"
என்று கத்தினான்.
பாதியில் குரல் உடைந்து கீச்சிட்டது.
பின் சீற்று சிரித்தது. நான் சிரிக்கவில்லை.
அடுத்த நாள் என் இருக்கையில் ஒரு மாலுபாண் இருந்தது.
யார் வைத்தது என்று
நானும் கேட்கவில்லை.

இன்றைக்குப் பாலத்தில்
புதுசாய் வந்த சின்னவள் தியாழினியின் முகம் வெளிறியது.
பையைத் தேடினேன், முடிந்துபோயிருந்தது.
பின்னாலிருந்து ஒரு நீளக் கை வந்தது,
ரியூசன் கொப்பி வைத்திருந்த பை.
எழும்பி யன்னலைத் தள்ளித் திறந்து
தன் இடத்தில் அவளை இருத்தினான்.
"கிட்டப் பார்க்காத. தூரத்தைப் பார்."
பாதி பைக்குள், மீதி வெளியே.
வாயைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்,
"அண்ணா, அது என்ன, கடலா?"
"ம்," என்றான்.
வயரைத் திரும்பக் காதில் செருகினான்.

சந்தியில் சவிரி அண்ணை நிறுத்தினார்.
இறங்கி நடக்கிறான், கை வீசி, பெரிய ஆள் நடை.
வெள்ளை நீளக் காற்சட்டையின் பின்பக்கம்
மஞ்சளாய்ச் சத்தி.
கூப்பிட வாயெடுத்தேன்.
பேர் சொல்லக்கூடாது, அது சட்டம்.
வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது
என்று யோசிக்கமுன்
சிக்னல் விழுந்துவிட்டது.